தாயத்துக்கு ஓனர் யார்? விளையாட்டு விதியை கம்பெனி மாற்றினால் ஆடுகிறவர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

பெருநாள் விடுமுறை. கீழக்கரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். துபாயிலிருந்து வந்த பேரன், சென்னை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பேத்தி, ஊரைவிட்டு நகராத உம்மம்மா. தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டாகிவிட்டது. ஆறு சோழியை உருட்டினால் அஞ்சு விழுகிறது.

“அஞ்சுக்குக் காய் இறக்கலாம்” என்கிறான் பேரன். “தாயம் விழாம எப்படி இறக்குவ?” என்கிறாள் பேத்தி. “வெட்டு வெட்டாம உள்ளே போக முடியாது, அதுவும் இப்பவே சொல்லிட்டேன்” என்று உம்மம்மா தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்க்கிறார். இரண்டு நிமிடச் சண்டைக்குப் பிறகு, வீட்டில் மூத்தவர் சொன்னதே விதி என்று ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

சண்டை இவ்வளவு சீக்கிரம் முடியக் காரணம், தாயத்துக்கு ஓனர் கிடையாது. “ஆட்டம் எங்களுடையது, நாளையிலிருந்து விதி இதுதான்” என்று அறிக்கை விட ஒரு கம்பெனி இல்லை.

ஓனர் இருக்கும் ஆட்டங்களில் கதை வேறு. கடந்த சில ஆண்டுகளில் உலகின் பெரிய டேபிள்டாப் விளையாட்டு நிறுவனங்கள் விதியில் கைவைத்து, பல வருட ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. என்ன நடந்தது? இதில் நமக்கு என்ன இருக்கிறது?

நல்லா ஓடுற ஆட்டத்தின் விதியை ஏன் மாற்றுகிறார்கள்?

முதல் காரணம் வியாபாரம். ஒரு கேரம் போர்டு வாங்கினால் பத்து, இருபது வருஷம் ஓடும். வாங்கியவர் சந்தோஷமாக ஆடுவார், ஆனால் திரும்பக் கடைக்கு வரமாட்டார். விதியைத் திருத்தி ‘புதிய பதிப்பு’ என்று வெளியிட்டால்தான் பழைய வாடிக்கையாளர் மறுபடி பர்ஸைத் திறப்பார்.

ஆனால் எல்லா மாற்றமும் காசுக்காக மட்டுமே வருவதில்லை. பல வருஷம் ஆடிய பிறகுதான் ஒரு விதியில் இருக்கும் ஓட்டை தெரியும். ஒருவர் மட்டுமே ஜெயிக்க வழி இருந்தால் அதை அடைத்தாக வேண்டும். 300 பக்க விதிப் புத்தகத்தைப் பார்த்தால் புதிதாக வருகிறவர் மிரண்டு ஓடுவார். அவருக்காகச் சுருக்க வேண்டியிருக்கும்.

சிக்கல் இதுதான்: புதியவர் வராவிட்டால் ஆட்டம் மெல்லச் சாகும். பழையவர் போய்விட்டால் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இருக்காது. ஏனென்றால் பலர் விதித்தாளைப் படித்து ஆட்டம் கற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆடித்தான் கற்கிறார்கள்.

2023-ல் நடந்த பெரிய வெடிப்பு

நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு அந்த நான்கு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் நினைவிருக்கும். அதுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதில் பாத்திரமாக மாறுவார்கள், என்ன நடக்கும் என்பதைப் பகடை முடிவுசெய்யும். இன்று அது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனமோ 1999 முதல் பொம்மை உலகின் ஜாம்பவான் ஹாஸ்ப்ரோவின் கையில்.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது நிறுவனம் ஒரு துணிச்சலான வேலை செய்தது. ‘ஓபன் கேம் லைசென்ஸ்’ என்ற உரிமத்தின் கீழ், ஆட்டத்தின் அடிப்படை விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் கதையோ புத்தகமோ வெளியிட்டு விற்கலாம் என்றது. ராயல்டி கிடையாது. இதை நம்பி நூற்றுக்கணக்கான சின்னப் பதிப்பகங்கள் பிறந்தன.

2023 ஜனவரி தொடக்கத்தில், அந்த உரிமத்துக்குப் பதிலாக வரவிருந்த புதிய உரிமத்தின் நகல் கசிந்தது. அதில் இருந்தவை:

- ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் வருவாய் வந்தால், அதற்கு மேற்பட்ட தொகையில் 25% வரை ராயல்டி. இது லாபத்தில் அல்ல, வருவாயில்.
- 50 ஆயிரம் டாலருக்கு மேல் வருவாய் உள்ளவர்கள் கணக்கு காட்ட வேண்டும்.
- பழைய உரிமம் இனி ‘அங்கீகரிக்கப்பட்டது’ அல்ல.

ரசிகர்களைக் கொதிக்க வைத்தது மூன்றாவது வரிதான். இருபது வருஷத்துக்கு மேல் செல்லுபடியான ஒரு வாக்கை ஒரே வரியில் அடித்துவிட முடியுமா? அதை நம்பி வீட்டை அடமானம் வைத்துத் தொழில் தொடங்கியவர் என்ன செய்வார்?

ரசிகர்கள் செய்தது எளிமையானது. நிறுவனத்தின் ‘டி அண்ட் டி பியாண்ட்’ என்ற இணையச் சேவையின் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினார்கள். ஹாஸ்ப்ரோ 2022-ல்தான் அந்தச் சேவையை 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. அதாவது, வலிக்கிற இடம் பார்த்து அடித்தார்கள். போட்டி நிறுவனமான பைசோ, யாராலும் திரும்பப் பெற முடியாத ஒரு பொது உரிமத்தைக் கொண்டுவருவதாக ஜனவரி 12-ல் அறிவித்தது. எட்டு மாதத்துக்கு வரும் என்று வைத்திருந்த தங்கள் விதிப் புத்தகங்கள் இரண்டே வாரத்தில் விற்றுத் தீர்ந்ததாகவும் அந்த நிறுவனம் சொன்னது.

விசார்ட்ஸ் ஒரு திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். அதில் 88% பேர் புதிய உரிமத்தின் கீழ் எதையும் வெளியிட விருப்பமில்லை என்றார்கள். ஜனவரி 27-ல் நிறுவனம் முழுசாகப் பின்வாங்கியது. பழைய உரிமம் அப்படியே இருக்கும் என்றது. அதோடு நிற்காமல், அடிப்படை விதித் தொகுப்பையே கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமத்தில் விட்டது. இனி நிறுவனமே நினைத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

கவனித்தீர்களா? இந்தச் சண்டையில் ஆட்டத்தின் விதி ஒன்றுகூட மாறவில்லை. மாறவிருந்தது, விதியை யார் பயன்படுத்தலாம் என்ற ஒப்பந்தம் மட்டுமே.

நிறுவனத்துக்கு இது முன்பே தெரியாதா?

தெரிந்திருக்க வேண்டும், ஒருமுறை சூடு பட்டவர்கள்தான். 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது ஆட்டத்தின் அமைப்பையே தலைகீழாக மாற்றினார்கள், உரிமத்தையும் இறுக்கினார்கள். பழைய ஆட்டத்தை நேசித்தவர்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிருக்கும். ஆனால் 2000-ல் திறந்துவிட்ட உரிமம் இருந்ததே! அதை வைத்தே பைசோ 2009-ல் ‘பாத்ஃபைண்டர்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பழைய மூன்றாம் பதிப்பின் விதிகள், கொஞ்சம் மெருகேற்றி. கிளம்பிப்போன ரசிகர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஐந்தாம் பதிப்புக்கு விசார்ட்ஸ் பாடம் படித்துவிட்டு வந்தது. 2012-லிருந்து வரைவு விதிகளைப் பொதுவில் கொடுத்து ஆடிப்பார்க்கச் சொன்னது. 1,75,000-க்கும் மேற்பட்டோர் அந்தச் சோதனையில் பங்கேற்றதாக நிறுவனம் அறிவித்தது. 2014-ல் வந்த அந்தப் பதிப்புதான் ஆட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி. விதியை மாற்றாமல் இருந்ததால் அது ஜெயிக்கவில்லை, நிறையவே மாற்றினார்கள். ஆனால் ஆடுகிறவர்களைக் கேட்டு மாற்றினார்கள்.

மற்ற ஆட்டங்களில் என்ன நடந்தது?

வார்ஹேமர்: சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி, கையால் வர்ணம் தீட்டி, மேஜையில் படை நடத்தும் ஆட்டம். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2015-ல் 30 வருஷப் பழைமையான ‘வார்ஹேமர் ஃபேன்டசி’ ஆட்டத்தை நிறுத்தியது. கதையில் அந்த உலகமே அழிந்தது என்று எழுதிவிட்டு, ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்ற புதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது. புத்தகமாக இருந்த விதி நாலு பக்கமாகச் சுருங்கியது. இரு படைகளின் பலத்தைச் சமமாக்கும் புள்ளிக் கணக்குகூட இல்லை. ஒரு வருஷத்தில் அதைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. புதிய ஆட்டம் பிறகு நன்றாகவே காலூன்றியது. ஆனாலும் பழைய ரசிகர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதி பழைய படைகளோடு ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் 2024 ஜனவரியில் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் நிறுவனமே பழைய உலகத்தை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மேஜிக் தி கேதரிங்: இங்கே விதி மாறினால் நேரடியாகக் காசு போகும். 2024 செப்டம்பரில், ‘கமாண்டர்’ என்ற ஆட்டமுறையைக் கவனித்துவந்த தன்னார்வலர் குழு சில அட்டைகளைத் தடைசெய்தது. ஆட்டம் சமமாக இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் அவற்றில் சில ஒவ்வொன்றும் 100 டாலர் அளவுக்கு விலைபோனவை. அவற்றின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. குழு உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில் அந்தக் குழு பொறுப்பை விசார்ட்ஸ் நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டது. விசுவாசம் என்று நாம் சொல்வதற்கு இப்படி ஒரு அசிங்கமான பக்கமும் உண்டு. பழைய ரசிகர் என்பதாலேயே அவர் சொல்வது எல்லாம் நியாயம் ஆகிவிடாது.

ஸ்கிராபிள்: 2024 ஏப்ரலில் மேட்டல் நிறுவனம் ஐரோப்பாவில் ‘ஸ்கிராபிள் டுகெதர்’ என்ற எளிய ஆட்டத்தை அறிமுகம் செய்தது. போட்டி போடாமல் சேர்ந்து ஆடுவது. “ஸ்கிராபிளையே கெடுத்துட்டாங்க” என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ஆனால் பெரிசாக வெடிக்கவில்லை. காரணம் எளிது: புதிய ஆட்டம் போர்டின் ஒரு பக்கத்தில், பழைய ஆட்டம் மறுபக்கத்தில். பிடிக்காதவர் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஊனோ: 2019-ல் ஊனோவின் அதிகாரப்பூர்வக் கணக்கு ஒரு குண்டைப் போட்டது. ‘+4’ மேல் ‘+2’ போட்டு அடுத்தவர் தலையில் கட்ட முடியாது, அதுதான் விதி என்றது. அது புதிய விதியும் அல்ல, ஆனாலும் உலகமே சிரித்தது. யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஹாஸ்டல் அறைகளில் +4 மேல் +2 விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பழையதன் பக்கத்தில் புதியதை வைத்த நிறுவனங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைத் திணித்தவர்கள்தான் அடிவாங்கினார்கள்.

சட்டப்படி விதி யாருடையது?

இதில் இந்தியாவுக்கு ஒரு முக்கியமான வழக்கு உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் ‘ஸ்கிராபுலஸ்’ என்ற இணைய ஆட்டத்தை உருவாக்கினார்கள். ஃபேஸ்புக்கில் அது பெரிய ஹிட். மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 செப்டம்பரில் வந்த தீர்ப்பில், போர்டு அமைப்பிலும் விதியிலும் மேட்டல் கேட்ட பதிப்புரிமைப் பாதுகாப்பை நீதிமன்றம் தரவில்லை. ஆனால் பெயர் ‘ஸ்கிராபிள்’ என்ற வணிகச் சின்னத்தை ஒத்திருக்கிறது என்று அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆட்டம் பிறகு ‘லெக்சுலஸ்’ ஆனது.

காப்புரிமைச் சட்டமும் இதே திசைதான். ‘விளையாடும் முறை’ கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ம் ஆண்டு சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது.

ஆக, ஆட்டத்தின் பெயர், படங்கள், விதியை விளக்கி எழுதிய வாசகம் ஆகியவை நிறுவனத்துடையவை. ஆடும் முறையைப் பூட்டி வைப்பது கஷ்டம். அதனால்தான் நிறுவனங்கள் சட்டத்தைவிட ரசிகர்களின் நம்பிக்கையை அதிகம் நம்பவேண்டியிருக்கிறது.

இப்போது புதிதாக என்ன ஆபத்து?

செல்போன். அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எந்த நிறுவனமும் ராத்திரியில் வந்து திருத்த முடியாது. ஆப்பில் இருப்பதைத் திருத்தலாம்.

இது கற்பனை இல்லை. 2024-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் திருத்திய விதிகள் வெளிவரவிருந்த நேரம். இணையச் சேவையில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலும் பழைய மந்திரங்கள், மாயப்பொருட்களின் இடத்தில் புதியவை வரும் என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். “பாதிக் கதையில் இருக்கோம், நடுவுல விதி மாறினா எப்படி?” என்று ரசிகர்கள் கேட்டார்கள். சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ். இந்த முறை பின்வாங்கினார்கள். ஆனால் பட்டன் இன்னும் அவர்கள் கையில்தான்.

கடைசியில் கீழக்கரைக்கு வருவோம்

நம் ஊர் ஆட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேரம் போதுமான சாட்சி. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் சென்னையில்தான் உருவானது. அதன் விதிப்படி வெள்ளை, கறுப்பு எல்லாக் காய்க்கும் ஒரே புள்ளி, சிவப்புக்கு 3. தெருவில் ஆடும்போது கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று கணக்குப் போடுகிறோம். சில தெருக்களில் அதுவும் வேறு. போட்டிக்குப் போனால் அந்த விதி, திண்ணையில் இந்த விதி. யாருக்கும் வருத்தமில்லை.

பல்லாங்குழி இன்னும் சுவாரசியம். குழிக்கு ஐந்து காய், ஆறு காய், பன்னிரண்டு காய் என்று ஊருக்கு ஊர் மாறும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வது ஒரு முறை. புளியங்கொட்டை சில வீட்டில், சோழி சில வீட்டில். கீழக்கரை வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த நாடுகளிலும் இதன் உறவுக்கார ஆட்டங்கள் உண்டு. இலங்கையில் சிங்களவர்கள் சித்திரைப் புத்தாண்டில் குன்றிமணி வைத்து ‘ஒலிந்த கெலிய’ ஆடுகிறார்கள். மலேசியாவில் ‘சொங்காக்’. அதில் இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி இருக்கும். குழியில் காய் போட்டுக்கொண்டே போகும் அடிப்படை ஒன்று, விதிகள் வேறு வேறு. எது ஒரிஜினல் என்று வழக்குப் போட ஆளில்லை.

ஆனால் ஓனர் இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. காப்பாற்றும் பொறுப்பும் யாருக்கும் இல்லை. வீட்டு விதி இருப்பது உம்மம்மாவின் நினைவில் மட்டும்தான். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்விட்டால், பத்து வருஷத்தில் அந்த ‘பதிப்பு’ சத்தமில்லாமல் காணாமல் போகும். எதிர்த்துக் குரல் கொடுக்கக்கூட ஒரு ரசிகர் கூட்டம் இருக்காது.

இந்த இடைவெளியில்தான் சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-ல் தொடங்கிய ‘கிரீடா’ போன்ற நிறுவனங்கள் வருகின்றன. பல்லாங்குழி, தாயக்கட்டம், ஆடு புலி ஆட்டம், பரமபதம் எல்லாம் இன்று விதித்தாளோடு பெட்டியில் கிடைக்கிறது. ஆடத் தெரியாத தலைமுறைக்கு இது பெரிய உதவி. அதே சமயம், அச்சடித்த எந்த விதித்தாளுக்கும் ஒரு தனி அதிகாரம் வந்துவிடும். நாளைக்கு ஒரு குழந்தை பெட்டியில் இருப்பதைப் படித்துவிட்டு, “உம்மம்மா, நீங்க ஆடுறது தப்பு” என்று சொல்லக்கூடும். ஸ்கிராபிள் போர்டுக்கு இரண்டு பக்கம் போதும். பல்லாங்குழிக்கு எத்தனை பக்கம் வைப்பது?

ஆட்டம் வாங்கும்முன் என்ன பார்க்கலாம்?

- விதி அச்சில் இருக்கிறதா, ஆப்பில் மட்டுமா? ஆப்பில் மட்டும் என்றால் அது மாறலாம், ஒருநாள் மூடவும் படலாம்.
- புதிய பதிப்பு பழைய காய்கள், அட்டைகள், புத்தகங்களோடு ஒத்துப்போகுமா?
- மாற்றத்துக்கு முன் ஆடுகிறவர்களிடம் கருத்துக் கேட்கும் பழக்கம் அந்த நிறுவனத்துக்கு உண்டா?
- வீட்டுக்கென்று ஒரு விதி இருந்தால், பெட்டி மூடியின் உட்பக்கத்தில் அதை எழுதி வைத்தாகிவிட்டதா?

கடைசிக் கேள்விக்குக் கம்பெனி தேவையில்லை. அடுத்த பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது, பெரியவர்கள் ஆடுவதைப் பத்து நிமிடம் போனில் வீடியோ எடுத்து, அஞ்சுக்குக் காய் இறங்குமா இறங்காதா என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யலாம். உரிமமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.